உப்புக்காற்றில் இருபது வருடம்: தாத்தாவின் இரட்டைக்குழல்

தாத்தாவின் துப்பாக்கி என் பெயருக்கு மாறி இருபது வருடம் தாண்டிவிட்டது. இத்தனை வருடத்தில் முப்பது தோட்டாகூடச் சுட்டிருக்க மாட்டேன், ஆனால் துடைத்தது மட்டும் ஆயிரம் தடவை இருக்கும். அதனால் இது சுட்டவன் சொல்லும் அனுபவம் இல்லை, துடைத்தவன் சொல்வது.

வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி, இங்கிலாந்தின் பர்மிங்காம் சரக்கு, குழல் அளவு 12 போர், லைசென்ஸ் பாஷையில் டி.பி.பி.எல்., அதாவது பின்பக்கம் தோட்டா போடுகிற இரட்டைக்குழல். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற குதிரை வெளியே தெரியாமல் உள்ளேயே அடங்கிய பாக்ஸ்லாக் வகை. ஆன்சனும் டீலியும் 1875-இல் கொண்டுவந்த அமைப்பு, குழலை மடித்தாலே உள்ளே இருக்கிற குதிரை ஏறிக்கொள்ளும். அந்த மடிக்கிற சத்தம் இன்னும் தளரவில்லை, நல்ல இரும்புப் பெட்டியை மூடுகிற மாதிரி ஒரே ஒரு 'டக்'. இந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

தாத்தா காலத்தில் இதன் வேலை முயல், கௌதாரி, கண்மாயில் இறங்கும் உள்ளான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 1991 திருத்தத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர் பறவை அடித்ததாகச் சொன்ன சித்திரங்குடிக் கண்மாய் இன்று சரணாலயம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பைனாகுலரோடு போகிறோம். என் லைசென்ஸில் காரணம் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று இருக்கிறது, பயிருக்காக ஒரு தோட்டாகூடப் போட்டதில்லை.

சரி, பராமரிப்பு. வீடு தேவிபட்டினத்துக்குப் பக்கம், கடலுக்கு நடக்கிற தூரம். ஐப்பசியில் வாடை திரும்பியதும் ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை பிசுபிசுக்கும், அதே உப்பு குழல்மேலும் உட்கார்ந்து காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முதல் வருடம் அழகாக இருக்கிறதே என்று தாத்தாவின் தோல் உறையிலேயே வைத்திருந்தேன். தை பிறந்து எடுத்துப் பார்த்தால் இடது குழல் நெடுகத் துருப்புள்ளி. தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டுகிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து உறை தனி, துப்பாக்கி தனி. பூட்டுப் போட்ட பீரோவில் சிலிக்கா ஜெல் பையோடு நிற்கிறது. தேங்காய் எண்ணெய் போடலாம் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள், போடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாகித் தூசியை வாங்கிக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய், மெல்லிசாக. தோளில் அணைக்கிற மரக்கட்டைக்கு வருடம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தால் போதும்.

தோட்டா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரியத்தில் கண் மறைத்தால் கை போய்விடும். இந்த மாதிரிப் பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காருகிற அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. ஒருமுறை கடையில் 70 மில்லிமீட்டர் கொடுத்தார்கள், போட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அளவு சரிதான்போல என்று நினைத்துவிட்டேன். மதுரையில் ஒரு வயதான மிஸ்திரிதான் பார்த்துப் பதறினார்.

"தம்பி, அந்த 70 சுட்டதுக்கு அப்புறம் விரிஞ்ச நீளம். தோட்டா வாய் மடிச்சிருக்கையில எல்லாமே உள்ள போகும். வெடிக்கையில வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறிரும்."

குழலின் அடியில் இருக்கிற பர்மிங்காம் சோதனை முத்திரைகளைப் படிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தாத்தா பட்ட பாடு வேறு மாதிரி. அப்போது காகிதக் கூட்டுத் தோட்டா, மழைக்காலத்தில் ஊதிப்போய் அறைக்குள்ளேயே நுழையாது, அதனால் அப்பத்தாவின் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாராம்.

இனி எனக்கு ஆறாத விஷயம். தாத்தா ஒரட்டாங்கைக்காரர். இடது தோளில் வைத்துச் சுடுவார், அதனால் கட்டையின் வலது பக்கத்தில் அவர் கன்னம் பட்டுப் பட்டு பாலிஷ் போய் ஒரு உள்ளங்கை அளவுக்கு வழவழப்பாக, கொஞ்சம் கறுத்து இருக்கும். நான் வலதுகை, என் கன்னம் அந்தப் பக்கம் போகவே போகாது. சில வருடத்துக்கு முன் ஒரு திருகு மாற்ற வெளியூரில் ஓர் இடத்தில் கொடுத்தேன். திருகோடு சேர்த்து "சும்மாவே பாலிஷ் போட்டுட்டேன் சார், புதுசு மாதிரி ஆயிருச்சு" என்று சந்தோஷமாகக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டு இழைத்திருக்கிறார். பாதிக் கன்னம் போய்விட்டது. அவர்மேல் தப்பில்லை, நான் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். பழைய துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் பட்டறையில் விடும்போது செய்ய வேண்டியதைவிடச் செய்யக்கூடாததை எழுதிக் கொடுங்கள்.

விலை கேட்பவர்கள் நிறைய. எண்பதுகளின் நடுவில் இறக்குமதி நின்றபிறகு இங்கே இருக்கிற வெளிநாட்டுச் சரக்கு இருக்கிறதுதான், அதனால் கேட்கிற தொகை நமக்கே கொஞ்சம் ஆசை காட்டும். ஆனால் இதையெல்லாம் விலையை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. பெரியப்பாவிடம் மூன்று இருந்தன. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் ஆளுக்கு இரண்டுதான் என்று ஆனதும் ஒன்றை விட வேண்டிய நிலை. இஷாப்பூரில் செய்த .315 ரைபிளை விட்டார், இருந்ததிலேயே உருப்படியானது அதுதான். வைத்துக்கொண்டது யாரும் சீந்தாத, குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல். கேட்டதற்கு, "பனங்காட்டுக் காவலுக்கு அய்யா தலைமாட்டுல கிடந்ததுடா அது" என்றார். ரைபிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குறை என்று சொன்னால் தேர்தல். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் போய் எடுத்து வர வேண்டும். போன முறை எடுத்து வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தால், வலது குழலில் துருவிலேயே பதிந்த ஒரு பெருவிரல் ரேகை, சுழி சுழியாக, யாரோ வேண்டுமென்றே வரைந்த மாதிரி. வியர்வைக் கையால் தொட்டுத் துடைக்காமல் விட்டால் இப்படித்தான் வரும். யார் எடுத்துப் பார்த்தார்களோ என்று வீடு முழுக்கக் கத்தித் தீர்த்தேன்.

"கொண்டுபோய்க் குடுத்தது நீங்கதானே, அது உங்க கையாக்கூட இருக்கும்" என்றாள் மனைவி, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே.

விரலை மேலே வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் உட்கார்ந்தது. எஃகு நாரையும் எண்ணெயையும் எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, இன்னும் தேய்க்கவில்லை.