அப்பாவுக்கு எந்த அலர்ஜி மாத்திரை?

தூசி மூக்கில் ஏறியதும், அது ஒத்துக்கொள்ளாத உடம்பில் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது செல்களின் மேல் இருக்கும் எச்1 ஏற்பிகளில் போய் ஒட்டினால் தும்மல், அரிப்பு, மூக்கொழுகல். குளோர்பெனிரமைன், செட்டிரிசின், பெக்சோபெனடின் என்ற அலர்ஜி மாத்திரைகள் மூன்றுமே பிடிப்பது அந்த ஏற்பியைத்தான். அப்புறம் எதற்கு ஒப்பீடு? மாத்திரை வேறு எங்கெல்லாம் போய்க் கை வைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய தலைமுறையைச் சேர்ந்த குளோர்பெனிரமைன் மூளைக்குள் எளிதாக நுழைந்துவிடும். அங்கே நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் ஹிஸ்டமினுக்கும் பங்கு உண்டு. அதைத் தடுத்தால் கண் சொருகுகிறது. கூடவே அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளின் வேலையையும் கெடுக்கும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சிறுநீர்ப்பை சரியாகச் சுருங்காது. வயதானவர்களுக்குக் குழப்பமும் தடுமாற்றமும் சேர்ந்துகொள்ளும்.

என் அப்பாவுக்கு வயது 72, புராஸ்டேட் வீக்கம் உண்டு. ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு நாள் போட்டார். இரண்டாம் நாள் இரவு முழுக்கக் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடந்தார். சொட்டுச் சொட்டாகத்தான் போனது. "அடிவயிறு கல்லு மாதிரி இருக்குப்பா" என்றார். விடிந்ததும் டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: பாரசிட்டமால், பினைலெப்ரின், குளோர்பெனிரமைன். மூக்கடைப்புக்கான பினைலெப்ரின் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும், குளோர்பெனிரமைன் பையைத் தளரவிடும். இரண்டும் ஒரே மாத்திரையில்.

வயதானால் இவை உடம்பை விட்டுப் போகவும் நேரமாகும். இதே வகை டைபென்ஹைட்ரமினில் பாதி வெளியேற இளையவர்களுக்கு 9 மணி நேரம் என்றால், முதியவர்களுக்கு 13 மணி நேரத்துக்கு மேல். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வகையைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல்.

பழையதற்கும் ஒரு இடம் உண்டு. பஸ்ஸில் வாந்தி வருபவர்களுக்குப் புரோமெத்தசின் கேட்கும், புதியவை கேட்காது.

செட்டிரிசின் புதிய தலைமுறை. மூளைக்குள் கொஞ்சம்தான் போகும், ஆனாலும் சிலருக்குத் தூக்கம் வரும். பெரும்பகுதி சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு 10 மி.கி.க்குப் பதில் 5 மி.கி. கொடுப்பார்கள்.

முதியவர்களுக்கு என் ஓட்டு பெக்சோபெனடினுக்கு. மூளைக்குள் ஏறக்குறைய போவதே இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இதற்கும் அளவைக் குறைக்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். அலுமினியம், மெக்னீசியம் கலந்த, வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்தோடு சேர்த்தாலும் அப்படியே.

அப்பாவுக்கு இப்போது ஜலதோஷம் என்றால் பாரசிட்டமாலும் ஆவி பிடிப்பதும்தான். தூசி அலர்ஜி கிளம்பினால் மட்டும் டாக்டர் எழுதிய பெக்சோபெனடின், வெறும் தண்ணீரோடு.