நீடாமங்கலத்திலிருந்து ஐந்து வாட்: க்யூடிஎக்ஸ் பெட்டியுடன் ஒரு வருடம்

நீடாமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் கடை வாசல் வரைக்கும் கிடக்கும். ராத்திரி கடையைச் சாத்திய பிறகுதான் எனக்கென்று நேரம். அது முழுக்க அமெச்சூர் ரேடியோவுக்கு.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் கொல்லையில் இருந்த ஏழு தென்னையில் ஐந்து சாய்ந்தது. அதன் பிறகு பல நாள் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த தங்கை எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள, மரம் விழுந்து கிடந்த ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். லைசென்ஸ் வாங்குவது என்று அந்த வாரம்தான் முடிவு செய்தேன். மோர்ஸ் தேர்வு இல்லாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, வியூ3 என்று தொடங்கும் கால்சைன், அதாவது ரேடியோவில் என் அடையாளப் பெயர். முதலில் ஒரு பழைய செட்டில் 40 மீட்டர் அலைநீளப் பேண்டில் பேசிக்கொண்டிருந்தேன். குரலுக்குப் பதில் லேப்டாப் வழியாகச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் பக்கம் இழுத்தது க்யூடிஎக்ஸ் என்ற இந்த ஐந்து வாட் செட். ஒரு வருடம் ஓட்டியாயிற்று, ஒரு போட்டியிலும் இறங்கியாயிற்று. வாங்கலாமா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போவதால் எழுதுகிறேன்.

க்யூஆர்பி லேப்ஸ் நிறுவனத்துக்காக ஹான்ஸ் சம்மர்ஸ் வடிவமைத்த, நாமே கட்டிக்கொள்ளும் கிட் இது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அலுமினியப் பெட்டி. திருகும் குமிழ் கிடையாது, திரை கிடையாது, மைக் செருக இடம் கிடையாது. ஒரு சின்ன எல்இடி மட்டும். ஆன்டெனா ஒரு வயர், 12 வோல்ட் ஒரு வயர், லேப்டாப்புக்கு ஒரு யூஎஸ்பி. சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது. அலைவரிசையை மாற்றும் கட்டளையும் அதே யூஎஸ்பி வழியாகப் போய்விடும். டிஜிட்டல் முறைகளுக்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில், செட்டின் பெயர் கென்வுட் டிஎஸ்-440 என்று தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பும் பெட்டியும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். பழைய செட்டுக்கு இதே வேலைக்காக நான் தொங்கவிட்டிருந்த இன்டர்ஃபேஸ், இரண்டு ஆடியோ வயர், அனுப்பும் பக்கம் மாற்றும் பிடிடி வயர் எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன்.

திருச்சியில் உள்ள மூத்த அமெச்சூர் ஒருவர் தனக்கென வாங்கிய இரண்டு கிட்டில் ஒன்றை விலைக்குக் கொடுத்தார். "காயில் கட்டுறவர் கையில இது பத்திரமா இருக்கும், தம்பி" என்றார். எஸ்எம்டி என்னும் பொடிப் பாகங்களை எல்லாம் பலகையிலேயே பற்றவைத்து அனுப்பிவிடுகிறார்கள். நமக்கு மிஞ்சுவது கோர்களில் கம்பி சுற்றுவது, கனெக்டர், டிரான்சிஸ்டர். பலர் பயப்படுவது அந்தக் கம்பி சுற்றலுக்குத்தான். இரட்டைத் துளை உள்ள ஒரு ஃபெரைட் கோர் இருக்கிறது, சுண்டைக்காய்க்கு மேல் பெரிதில்லை. துளைக்குள் கம்பி எத்தனை முறை போகிறது என்பதுதான் கணக்கு, வெளியில் எத்தனை வளைவு தெரிகிறது என்பது கணக்கில்லை. இங்கேதான் நிறையப் பேர் ஒரு சுற்று பிசகிவிடுகிறார்கள். இன்னொன்று, எனாமல். முனையில் எனாமல் முழுதாகப் போகாமல் ஈயம் வைத்தால் மேலே பளபளவென்று பிடித்த மாதிரி இருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது. பிளேடால் நான்கு பக்கமும் சுரண்டி, செம்பு நிறம் தெரிந்த பிறகு ஈயம் பூசி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கோருக்குப் போங்கள். ஸ்டேட்டரில் ஒரு செட் காயில் தப்பினால் மோட்டாரைப் பிரிக்க வேண்டியதுதான். அதே நிதானத்தோடு இதையும் செய்தேன். இரண்டு ராத்திரியில் முடிந்தது.

கட்டும்போதே முடிவு செய்ய வேண்டிய ஒன்று, 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது. அதற்கேற்ப சுற்று எண்ணிக்கை மாறும். 9 வோல்ட்டுக்குக் கட்டிவிட்டு 12 வோல்ட் கொடுத்தால் ஔட்புட் டிரான்சிஸ்டர்கள் தாங்காது. வீட்டில் பேட்டரி இருப்பதால் நான் 12-க்குக் கட்டினேன். ஆனால் சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 13.8-க்கு மேலேயே நிற்கும். அதனால் வழியில் இரண்டு சிலிக்கான் டயோடைத் தொடராகப் போட்டேன். ஆளுக்கு 0.7 வோல்ட் சாப்பிட்டு 12.4 ஆக்கிக் கொடுக்கிறது. ஐந்து ரூபாய் செலவு.

இந்தப் பெட்டியில் நான் ஓட்டும் டிஜிட்டல் முறை எஃப்டி8, அது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும், ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் வெளியிட்ட முறை. ஒவ்வொருவர் முறையும் 15 விநாடி. அதில் 12.64 விநாடி எட்டு சுரங்களை மாற்றி மாற்றி அனுப்பும். சுரத்துக்குச் சுரம் இடைவெளி 6.25 ஹெர்ட்ஸ்தான், மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ். காதுக்கு இரைச்சல் தவிர ஒன்றும் கேட்காத இடத்திலிருந்து மென்பொருள் கால்சைனைப் பிரித்தெடுக்கும். 2019-இல் வந்த எஃப்டி4 போட்டிக்கென்றே செய்யப்பட்டது, ஒரு முறை 7.5 விநாடிதான். வேகம் இரட்டிப்பு, ஆனால் சிக்னல் கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும்.

க்யூடிஎக்ஸின் உண்மையான பெருமை அது அனுப்பும் விதத்தில் இருக்கிறது. சாதாரண செட்டில் லேப்டாப் ஆடியோவை, குரல் அனுப்பும் எஸ்எஸ்பி வழியாக அனுப்புவோம். ஆடியோ அளவு கொஞ்சம் கூடினால் சிக்னல் பக்கத்தில் வழிந்து, அக்கம்பக்கத்தில் உள்ளவர்களை எல்லாம் மூழ்கடிக்கும். இந்தப் பெட்டி ஆடியோவை அப்படியே அனுப்புவதில்லை. லேப்டாப் தரும் சுரத்தின் அதிர்வெண்ணை அளந்து, அந்த அதிர்வெண்ணைத் தானே உண்டாக்கி அனுப்புகிறது. கேரியர் மிச்சம், மறுபக்கப் பட்டை, வழிசல் என்ற பேச்சே இல்லை. போட்டி நாளில் மூன்று கிலோஹெர்ட்ஸுக்குள் உலகமே நெருக்கியடித்து நிற்கும்போது சுத்தமாக அனுப்புவது எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போதுதான் புரியும்.

போட்டி, ஆகஸ்ட் கடைசியில் வரும் வேர்ல்ட் வைட் டிஜி. எஃப்டி4, எஃப்டி8 மட்டும். நமக்குச் சனிக்கிழமை மாலை 5.30-க்குத் தொடங்கி 24 மணி நேரம். பரிமாறிக்கொள்வது சிக்னல் அளவு இல்லை, உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததில் நாம் இருக்கும் கட்டத்தின் குறி. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் எம்கே90. 11 டிகிரி அட்சரேகையைத் தாண்டி மயிலாடுதுறை, சீர்காழி போய்விட்டால் எம்கே91. ஒரு தொடர்புக்கு ஒரு புள்ளி, அதோடு ஒவ்வொரு 3,000 கிலோமீட்டருக்கும் இன்னொரு புள்ளி. கட்டத்தின் முதல் இரண்டு எழுத்து ஒவ்வொரு பேண்டிலும் புதிதாகக் கிடைத்தால் அது ஒரு பெருக்கல், மொத்தப் புள்ளியை இவற்றின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். ஐந்து வாட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. நூறு வாட்காரரோடு நம்மை ஒப்பிட மாட்டார்கள்.

முதல் இரண்டு மணி நேரம் 20 மீட்டரில் இருந்தேன். இத்தாலி, ரஷ்யா, இந்தோனேசியா. சிக்யூ என்ற பொது அழைப்பைப் போட்டுக் காத்திருப்பதைவிட, சிக்யூ போடுகிறவரைப் பிடிப்பதுதான் ஐந்து வாட்டுக்குச் சரி என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. இருட்டியதும் 40 மீட்டருக்குப் போனேன். அங்கே இரைச்சல். தெரு எல்இடி விளக்கு, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், எல்லாம் சேர்ந்து, சிக்னல்களை நிறமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரை முழுக்க மஞ்சள் பூசிய மாதிரி இருந்தது. ஒரு முறைக்கு எட்டு ஒன்பது பேர்தான் டீகோட் ஆனார்கள்.

ஒன்பதே முக்கால் இருக்கும். கரண்ட் போனது. தெருவே இருண்டது. பெட்டி பேட்டரியில், லேப்டாப்பும் தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மஞ்சள் சட்டென்று வடிந்து அடர்நீலமாயிற்று. அடுத்த 15 விநாடி முடிந்தபோது பட்டியல் சரசரவென்று இறங்கியது, எண்ணிப் பார்த்தால் 23 பேர். பின்னால் நின்ற என் மகள், "அப்பா, கலங்கின வாய்க்கால் தெளிஞ்ச மாதிரி இருக்குப்பா, அடியில இருக்குறதெல்லாம் தெரியுது" என்றாள். ஐம்பது நிமிடம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. அதற்குள் 40 மீட்டரில் 14 தொடர்பு. அந்த ஐம்பது நிமிடத்தில் நான் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலை 20 மீட்டரில் ஜப்பான் மழையாகக் கொட்டியது. 430 கிலோமீட்டரில் இருக்கும் கொழும்பு அந்தப் பேண்டில் கேட்கவில்லை, 6,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஜப்பான் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி கேட்டது. அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை பக்கத்து ஊர்களின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை. பத்து மணிவாக்கில் பிரேசில் ஒருவர் பிடிபட்டார், ஐந்து புள்ளி. என் குறி அவருக்குப் போய்ச் சேர மூன்று முறை அனுப்ப வேண்டியிருந்தது. மூன்றாவது முறை, கிடைத்தது என்று அவரிடமிருந்து பதில் வந்தபோது கைதட்டிவிட்டேன்.

மொத்தம் 61 தொடர்பு: 20 மீட்டரில் 39, 40 மீட்டரில் 22. புள்ளி 152, பெருக்கல் 21, ஆக 3,192. போட்டி முடிந்ததும் மென்பொருளே லாக்கைத் தயாரித்துக் கொடுத்தது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடிகாரம் ஒரு விநாடிக்குமேல் பிசகினால் எஃப்டி8-இல் டீகோட் குறையத் தொடங்கும், இன்னும் தள்ளிப்போனால் யாருமே கிடைக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் இணையம் போவது சகஜம். டீகோட் பட்டியலில் டிடி என்ற நிரலைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி 0.8, 0.9 என்று காட்டினால் பிசகியது உங்கள் கடிகாரம். நான் செல்போன் டேட்டாவை ஒரு நிமிடம் கொடுத்து நேரத்தைச் சரிசெய்துகொள்வேன்.

இனி என் தவறு. ஆடி மாதக் காற்றில் தென்னை மட்டை விழுந்து ஆன்டெனா கம்பியின் ஒரு பக்கம் அறுந்திருந்தது. பார்க்காமலே அனுப்பினேன். ஆன்டெனா செட்டோடு சரியாகப் பொருந்துகிறதா என்று சொல்லும் அளவு எஸ்டபிள்யூஆர்; இந்தப் பெட்டியில் அதை அளந்து காட்டும் வசதி கிடையாது, கைப்புத்தகத்திலும் எச்சரித்திருக்கிறார்கள். ஔட்புட்டில் இருக்கும் நான்கு பிஎஸ்170 டிரான்சிஸ்டரும் போய்விட்டது. நல்ல வேளை, சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர். பத்து வாங்கி வைத்து, நான்கை மாற்றினேன். இப்போது செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு எஸ்டபிள்யூஆர் மீட்டர் நிரந்தரமாக இருக்கிறது. இன்னொரு பாடம் அடாப்டர். ஒரு கடையில் "ரேடியோவுக்கே உள்ளது" என்று கொடுத்த 12 வோல்ட் அடாப்டரைப் போட்டதும் 40 மீட்டர் முழுக்க வேலி கட்டின மாதிரி கோடுகள். திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பேட்டரிதான்.

வயலில் வைத்துப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புப் பக்கம் மைத்துனர் வயல். வரப்போரம் மூங்கிலில் பதினாறரை அடிக் கம்பியை நிமிர்த்திக் கட்டி, கீழே நான்கு கம்பியை வரப்பின்மேல் ஓடவிட்டேன். 20 மீட்டருக்குக் கால் அலை வெர்டிகல். தண்ணீர் நிற்கும் களிமண் நிலம் இந்த மாதிரி ஆன்டெனாவுக்கு ரொம்பவும் உதவும், தாழ்வான கோணத்தில் போகும் அலை அதிகம் வீணாகாது. நம் சிக்னல் எங்கெல்லாம் கேட்டது என்று காட்டும் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் வரைபடத்தைத் திறந்தால், மொட்டைமாடி ஆன்டெனாவுக்குக் காட்டாத தென் அமெரிக்கப் புள்ளிகள் அன்று மூன்று விழுந்திருந்தது. டெல்டாக்காரர்கள் இதை அவசியம் செய்து பாருங்கள், நம் நிலம் இதற்கென்றே அமைந்தது.

யாருக்கு இது வேண்டாம்? பேச ஆசைப்படுபவர்களுக்கு வேண்டவே வேண்டாம், இதில் குரல் போகாது. தட்டச்சு செய்து உரையாடும் பிஎஸ்கே31 முறையின் விரும்பிகளுக்கும் சரிவராது. லேப்டாப் இல்லாமல் தனியாக ஒன்றும் செய்யாது. என்னுடையது 80-லிருந்து 20 மீட்டர் வரை உள்ள வகை. சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்த காலத்தில் 15 மீட்டரும் 10 மீட்டரும் பகலெல்லாம் திறந்து கிடந்தபோது போட்டியில் அந்தப் பக்கமே போக முடியவில்லை. 20-லிருந்து 10 மீட்டர் வரைக்கும் தனி வகை இருக்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வீட்டைச் சுற்றி இரைச்சல் அதிகம் உள்ளவர்கள் அந்த வகையை எடுங்கள். ராத்திரியில்தான் உட்கார முடியும் என்பவர்கள் என்னுடைய வகையை எடுங்கள். லைசென்ஸ் வாங்காமல் அனுப்பக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

திருச்சிக்காரரிடம் அந்த இன்னொரு வகைக்குச் சொல்லி வைத்திருந்தேன், போன வாரம் வந்துவிட்டது. கடை மேசையில், இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கருக்குப் பக்கத்தில் பிரிக்காமல் இருக்கிறது. மூன்று எச்பி மோட்டார் இரண்டு முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோர் சுற்ற உட்காருவேன்.