வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றிய போனுக்குக் கம்பெனி வாரண்டி கிடைத்த கதை

சென்னை பெரம்பூரில் வீட்டிலேயே ஆரி வேலை செய்து பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஆர்டர் வாங்குவது, டிசைன் அனுப்புவது, புடவை நிறத்துக்கு நூல் ஒத்துப் பார்ப்பது, பணம் வாங்குவது எல்லாம் ஒரே போனில்தான். அந்தப் போனை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையிலும், பிறகு கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலும் கொடுத்து வாங்கினேன். இரண்டு இடத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வெளிக்கடையில் ஒரு தடவை திறந்துவிட்டால் கம்பெனி கதவு மூடிவிடும் என்று நம்பி, ஆயிரக்கணக்கில் தண்டம் கட்டுகிறவர்களை என் தெருவிலேயே பார்க்கிறேன்.

போன் 2024 ஏப்ரலில் 24,999 ரூபாய்க்கு வாங்கியது. நவம்பரில் ஆரி ஸ்டாண்டின் ஓரத்திலிருந்து வழுக்கி மொசைக் தரையில் விழுந்தது. திரை முழுக்க விரிசல், கீழ்ப்பாதியில் டச் இல்லை. விழுந்து உடைந்தது சாதாரண வாரண்டியில் வராது, அது தெரிந்ததுதான். சர்வீஸ் சென்டரில் 9,900 ரூபாய் எஸ்டிமேட் போட்டு, டிஸ்ப்ளே வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு அந்த வாரத்தில் மூன்று கல்யாண ஆர்டர். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிட்டேன்.

ஒரு ஆள் உட்காரும் அளவுதான் கடை. அந்தத் தம்பி மூன்று டிஸ்ப்ளேயை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். 1,800 ரூபாய்க்கு டிஎஃப்டி (மலிவான எல்சிடி வகை), 3,800-க்கு ஓஎல்இடி (தானே ஒளிரும் வகை) காப்பி, 6,500-க்கு கம்பெனி டிஸ்ப்ளே. கம்பெனி டிஸ்ப்ளே அன்றைக்குக் கைவசம் இல்லை. "டிஎஃப்டி போட்டா உங்க விரல்ரேகை வேலை செய்யாதுக்கா" என்று அவரே சொன்னார். என் போனில் விரல்ரேகை சென்சார் திரைக்கு அடியில் இருக்கிறது. ஓஎல்இடி வழியாக அது விரலைப் பார்க்கும். டிஎஃப்டியில் பின்னால் வெளிச்சத்துக்கென்று தனி அடுக்கு இருப்பதால் மறைத்துவிடும். கேட்காமலே இதைச் சொல்லும் கடைக்காரர்கள் குறைவு. 3,800 கொடுத்து ஓஎல்இடி காப்பி போட்டேன். நாற்பது நிமிடம். மூன்று மாத கேரண்டி எழுதி பில் கொடுத்தார்.

கிளம்பும்போது உடைந்த பழைய டிஸ்ப்ளேயை ஒரு பபுள் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். "தூக்கிப் போடாதீங்கக்கா, நாளைக்குக் கம்பெனிக்குப் போனா கேப்பாங்க." வீட்டுக்கு வந்து பாபின் டப்பாவுக்குள் வைத்தேன். பின்னால் அது எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

அந்த டிஸ்ப்ளேயில் ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. நிறம் சரியில்லை. சிவப்பெல்லாம் தூக்கலாகத் தெரிகிறது. டிசம்பரில் ஒரு அம்மா அனுப்பிய அரக்குப் புடவைப் படத்தைப் பார்த்து நூல் எடுத்தேன். பிளவுஸைப் புடவையோடு வைத்தபோது நூல் தக்காளிச் சிவப்பாக நின்றது. இரண்டு கையிலும் போட்ட வேலையைப் பிரித்து மறுபடி போட்டேன், நான்கு இரவு போனது. மயில் கழுத்து நிறமும் இதில் வெறும் நீலமாகத்தான் தெரியும். படம் பார்ப்பவர்களுக்கும் பாட்டுக் கேட்பவர்களுக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. நிறத்தை நம்பித் தொழில் செய்பவர்கள் காப்பி டிஸ்ப்ளே போடாதீர்கள், காத்திருந்தாவது கம்பெனி டிஸ்ப்ளே போடுங்கள்.

2025 பிப்ரவரியில் ஒரு காலை இரண்டு சிம்மும் காணாமல் போயின. நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம் ஆறு, ஹேஷ் போட்டுப் பார்த்தால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ வர வேண்டிய இடம் காலி. வைஃபை மட்டும் எடுத்தது. ரிச்சி தெருத் தம்பியிடம் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது மதர்போர்டு பிரச்சினைக்கா. என்னால முடியும், ஆனா வாரண்டி இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, நான் போர்டுல சூடு வச்சா அதோட போச்சு. முதல்ல கம்பெனிக்குப் போங்க" என்றார். அந்த வேலையில் அவருக்கு மூவாயிரமாவது கிடைத்திருக்கும். கிடைக்க வேண்டாம் என்று அனுப்பினார்.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த பெண் போனை உள்ளே கொண்டுபோய், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். "மேடம், வெளியில ஓப்பன் பண்ணியிருக்கீங்க. ஸ்க்ரூ மேல இருக்கற சீல் இல்ல. வாரண்டி வாய்ட், இனி செல்லாது." போர்டுக்கு 13,400, அதற்கு முன்னால் டிஸ்ப்ளேயை கம்பெனி டிஸ்ப்ளேயாக மாற்ற வேண்டும், அது 9,900. இரண்டும் சேர்த்து 23,300. போனின் விலையே 24,999! "போர்டு எதனால் போச்சு என்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "ஓப்பன் பண்ணியிருந்தா செக் பண்ண மாட்டோம்" என்றார். வாசலுக்கு வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று ராத்திரி மெல்பர்னில் இருக்கும் தங்கையிடம் வைஃபையில் பேசினேன். அவள்தான் அந்த ஊர்க் கதையைச் சொன்னாள். வெளிக்கடையில் திரை மாற்றிய ஐபோன்கள் சில, சாஃப்ட்வேர் அப்டேட் செய்ததும் 'எர்ரர் 53' என்று காட்டிச் செத்துப் போயின. வெளியில் ரிப்பேர் செய்ததால் தீர்வு கிடையாது என்று நூற்றுக்கணக்கானவர்களிடம் ஆப்பிள் சொல்லியிருந்தது. அங்கே உள்ள நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. வெளியாள் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்தால் வாங்கினவரின் உரிமை போகாது என்பது நிலைநின்று, 2018-ல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. ஆப்பிளே 2017-ல் வெளிக்கடைத் திரை போட்ட ஐபோன்களையும், 2019-ல் வெளிக்கடை பேட்டரி போட்ட ஐபோன்களையும் வேறு பழுதுக்காக எடுத்துக்கொள்ள ஆரம்பித்ததாம்.

இங்கே அப்படி நேரடியாகச் சொல்லும் சட்டம் இல்லை. ரிப்பேர் செய்யும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-ல் ஒரு குழு போட்டது, அதே வருடம் டிசம்பர் 24-ல் ஒரு இணையதளமும் திறந்தது. ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

மறுநாள் என் மகனை உட்கார வைத்து வாரண்டி அட்டையை வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்து. வெளியாட்கள் செய்த ரிப்பேரால் ஏற்பட்ட பழுதுக்கு வாரண்டி கிடையாது என்றுதான் அதில் இருந்தது. ரிப்பேர் செய்திருந்தாலே கிடையாது என்று இல்லை. ரிப்பேரால். அந்த 'ஆல்' உருபில்தான் என் 13,400 ரூபாய் தொங்கியது. டிஸ்ப்ளே மாற்றியதால்தான் போர்டு போனது என்றால் நான் கட்டுகிறேன். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை.

மறுபடி போனேன். வாதாடவில்லை. "மறுக்கிறீர்கள், சரி. என்ன காரணம் என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டேன். ஜாப் ஷீட் என்பது சர்வீஸ் விவரம் எழுதித் தரும் தாள். அந்தப் பெண் தயங்கினார், மேனேஜரைக் கூப்பிட்டார், அவரும் தயங்கினார். அரை மணி நேரம் கழித்து 'அன்ஆதரைஸ்டு ரிப்பேர், வாரண்டி ரிஜெக்டட், போர்டு பரிசோதிக்கப்படவில்லை' என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொள்வீர்கள் என்றால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன மறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது.

1915-க்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் இல்லை, புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். பில், ஜாப் ஷீட், வாரண்டி அட்டையின் அந்த வரி மூன்றையும் படமெடுத்து அனுப்பினோம். அதோடு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கும் மகன் மின்னஞ்சல் எழுதினான். இதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணமே இல்லை. அதுவரை போக வேண்டி வரவில்லை. ஐந்தாம் நாள் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, போனைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

கொடுப்பதற்கு முன்னால் செய்தவை: போர்டு மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், அதனால் இரண்டாயிரத்துச் சொச்சம் டிசைன் படங்களை பென் டிரைவில் ஏற்றினேன். ஜிபேயை எடுத்தேன், சிம் இரண்டையும் கழற்றினேன். லாக் பேட்டர்னைக் கேட்டார்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு லாக் இல்லாமலே கொடுத்தேன். சாம்சங், பிக்சல் போன்களில் ரிப்பேருக்கென்றே ஒரு மோடு இருக்கிறது, அதைப் போட்டால் நம் படங்கள் அவர்கள் கண்ணில் படாது. என் போனில் அது இல்லை.

இந்த முறை உள்ளிருந்து வந்தவர் மூத்த டெக்னீஷியன். அவரைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்ல வேண்டும். பாபின் டப்பாவிலிருந்த பழைய டிஸ்ப்ளேயைக் கொடுத்ததும் அவர் முகமே மாறியது. அதன் பின்புற ஸ்டிக்கரில் இருந்த நம்பரைத் தன் கணினியில் ஒத்துப் பார்த்தார். என் போனோடு வந்த டிஸ்ப்ளேதான் என்று உறுதியானது. பிறகு தன்னிடம் இருந்த டெஸ்ட் டிஸ்ப்ளேயை மாட்டி, போர்டைப் பார்த்தார். தகர மூடிகள் திறக்கப்படவில்லை, சால்டர் வைத்த தடம் இல்லை, ஈரம் பட்டால் சிவப்பாகும் ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது. "போர்டு தானாத்தாம்மா போயிருக்கு. கடைக்காரர் சுத்தமா வேலை பார்த்திருக்கார்" என்றார். வெளிக்கடை வேலையைக் கம்பெனி ஆள் மெச்சியது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

போர்டு இலவசமாக மாறியது. கடை டிஸ்ப்ளேயையே திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள், அதற்கு அவர்கள் பொறுப்பில்லை, தண்ணீர் புகாது என்ற உத்தரவாதமும் இனி கிடையாது என்று கையெழுத்து வாங்கினார்கள். அது நியாயம்தான். பசைக்கும் கூலிக்கும் ஜிஎஸ்டியோடு 354 ரூபாய். முதல் டோக்கனிலிருந்து போன் கைக்கு வர 17 நாள்.

மார்க் போடச் சொன்னால் ரிச்சி தெருக் கடைக்கு ஐந்துக்கு நான்கு. நிறத்துக்காகத்தான் ஒன்றைக் குறைக்கிறேன். சர்வீஸ் சென்டரின் உள்வேலைக்கு நான்கு, கவுண்டருக்கு ஒன்று. பார்க்காமலே 23,300 கேட்டது தப்பு. கையில் காகிதம் இல்லாமல், பேச மகன் இல்லாமல் வருகிறவர்கள் அதைக் கட்டிவிட்டுத்தான் போவார்கள்.

போன வாரம் ரிச்சி தெருத் தம்பி கூப்பிட்டார், கம்பெனி டிஸ்ப்ளே வந்திருக்கிறதாம். ஆவணி முகூர்த்தப் பணம் வந்ததும் போய் மாற்ற வேண்டும். அதுவரை வாடிக்கையாளர்களிடம் புடவையின் ஒரு முனையையாவது நேரில் கொண்டுவரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நூல் எடுக்கிறேன்.