பழைய கேம் கருவிக்கு வைஃபை அமைப்பதாகச் சொல்லி வீட்டு இணையத்தைத் திறந்துவிட்டுப் போன கடை: ஓர் எச்சரிக்கை

திருச்சியில் எங்கள் பகுதியில் உள்ள ஒரு கணினி பழுதுபார்ப்புக் கடையினர், கையடக்க கேம் கருவிக்கு வைஃபை இணைத்துத் தருவதாகச் சொல்லி எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலையைப் பற்றியே இதை எழுதுகிறேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டின் இணைய இணைப்பை யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய நிலையில் விட்டுச் சென்றதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர், தாம் முன்பு பயன்படுத்திய நிண்டெண்டோ டிஎஸ் லைட் கருவியை என் மகளுக்குக் கொடுத்தார். என் தங்கை மகனிடமும் அதே கருவி இருந்ததால், விடுமுறைக்கு அவன் வந்திருந்தபோது இருவரும் மரியோ கார்ட் டிஎஸ் ஆட்டத்தில் ஒருவரோடு ஒருவர் போட்டியிட ஆசைப்பட்டார்கள். கருவி எங்கள் ஃபைபர் மோடத்துடன் இணைய மறுத்தது. கடையிலிருந்து வந்தவர், "சார், இதுக்குத் தனியா கேமிங் ரவுட்டர் போட்டாத்தான் கனெக்ட் ஆகும்" என்று உறுதியாகச் சொன்னார். ரவுட்டருக்கு 3,200 ரூபாய், அமைத்துத் தர 1,500 ரூபாய் என்று வாங்கிக்கொண்டு, கடையின் பெயர்கூட அச்சிடப்படாத ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கருவியைப் பற்றி அறிந்த எவரும் முதலில் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே வீட்டில் இரண்டு டிஎஸ் கருவிகள் சேர்ந்து விளையாட ரவுட்டரும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. அவை தமக்குள் நேரடியாகவே தொடர்புகொள்கின்றன. மரியோ கார்ட் டிஎஸ் ஆட்டத்தில் ஒரே ஒரு கேம் கார்டு இருந்தாலே எட்டுப் பேர் வரை இப்படி விளையாடலாம். பிள்ளைகள் கேட்டதும் இதைத்தான். இணையம் வழியாக வெளியூர்க்காரர்களோடு விளையாடுவதற்காக 2005 நவம்பரில் நிண்டெண்டோ தொடங்கிய சேவையோ 2014 மே 20 அன்று நிறுத்தப்பட்டுவிட்டது. ரசிகர்கள் தாமாக நடத்தும் சில சர்வர்கள் உண்டு என்பது உண்மைதான், ஆனால் வந்தவர் அவற்றைப் பற்றிப் பேசவும் இல்லை, அதற்கான அமைப்பு எதையும் செய்யவும் இல்லை. ஆட்டம் இணையத்தில் ஏறாமல் பிழைச் செய்தி காட்டியபோது, சர்வர் பிஸியாக இருக்கிறது, இரவில் முயன்று பாருங்கள் என்றார். மூடி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்ட சேவையைப் பற்றிச் சொன்ன பதில் அது.

இதைவிடத் தீங்கானது அவர் கருவியை இணைத்த விதம். டிஎஸ் லைட், வைஃபையின் மிகப் பழைய 802.11பி முறையில் மட்டுமே இயங்குவது. வைஃபைக்குப் போடும் பூட்டு என்று எடுத்துக்கொண்டால் டபிள்யூஈபி (WEP) என்ற பழைய பாதுகாப்பு முறை ஒன்றைத்தான் அது அறியும், இன்று வீடுகளில் உள்ள டபிள்யூபிஏ2 (WPA2) என்ற புதிய முறை அதற்குப் புரியாது. டபிள்யூஈபி முறையின் அடிப்படைக் குறை 2001-லேயே ஆய்வாளர்களால் வெளிப்படுத்தப்பட்டது. 2007-ல் அதன் 104 பிட் சாவியை ஒரு நிமிடத்துக்குள் உடைக்கலாம் என்றும் காட்டிவிட்டார்கள். எங்கள் மோடத்தில் டபிள்யூஈபி என்ற தேர்வே இல்லாததால், அது இருந்த ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மோடத்துக்குப் பின்னால் கேபிளில் மாட்டிவிட்டு, இரவும் பகலும் ஓடவிட்டுப் போயிருக்கிறார்.

என் மனைவியின் ஐஃபோனில் புதிய இணைப்பின் பெயருக்குக் கீழே "வீக் செக்யூரிட்டி" என்று சிறிய எழுத்தில் வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்க வேண்டிய வரி மட்டும் உப்புத்தாளால் தேய்த்ததுபோல் வெளுத்திருந்தது. மாடல் பெயருக்குப் பக்கத்தில், பழைய ரவுட்டர்களின் வேகமான 54 எம்பிபிஎஸ் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே நுழையும் பாஸ்வேர்டு ஆலையில் வைத்த அதே "அட்மின்". பின்னால் மாட்டிய ரவுட்டர்தானே, முதன்மை மோடத்துக்கு என்ன ஆகிவிடும் என்று அந்தக் கடையில் வாதிட்டார்கள். அது தவறு. உள் ரவுட்டரில் நுழைந்தவர், வெளி மோடத்தில் இணைந்துள்ள பிரிண்டர், கண்காணிப்புக் கேமரா ரெக்கார்டர் ஆகியவற்றை அங்கிருந்தே தொட முடியும்.

அதோடு, அந்த வழியாக யார் எதை அனுப்பினாலும் வெளியே தெரிவது நம் பெயரில் உள்ள ஐபி முகவரி, அதாவது நம் இணைய இணைப்பின் அடையாள எண்தான். 2008 ஜூலையில் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாக அனுப்பப்பட்டதையும், காவல்துறை முதலில் அவர் வீட்டுக்கே சென்று விசாரித்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

இதே போன்ற வேலைக்கு ஆள் அழைத்திருப்பவர்கள், ரவுட்டரின் வயர்லெஸ் செக்யூரிட்டி பக்கத்தில் டபிள்யூஈபி என்றோ, பூட்டே இல்லை என்று பொருள்படும் ஓப்பன் என்றோ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். டிஎஸ்-க்குப் பின் வந்த நிண்டெண்டோ கருவிகளான டிஎஸ்ஐ, 3டிஎஸ் வைத்திருப்பவர்களிடமும் இதையே சொல்லி விற்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அந்த இரண்டும் டபிள்யூபிஏ2-வை ஏற்பவை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருந்தால் போதும். அவற்றில் பழைய டிஎஸ் ஆட்டங்களை இணையத்தில் ஏற்றும்போது மட்டுமே டபிள்யூஈபி சிக்கல் வரும். கருவிக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியை மட்டும் ரவுட்டரில் அனுமதித்துவிட்டால் பாதுகாப்பு என்று சொல்வதையும் ஏற்காதீர்கள். அந்த முகவரி காற்றில் மறைப்பின்றியே போகிறது, எவரும் நகலெடுக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பில் இல்லாமல் எப்படித் தருவது என்று கடையில் கேட்டார்கள். விற்ற பொருளுக்கும் செய்த சேவைக்கும் பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அந்தத் துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, லேபிளின் படம் ஆகியவற்றோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். இதே அனுபவம் உள்ளவர்கள் ரவுட்டரைத் தூக்கி எறியாமல், மின்சாரத்தை மட்டும் துண்டித்து, லேபிளோடு பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் புகார் பதியுங்கள்.