மரத்தில் மாட்டிய ட்ரோன்: கல்லா, தொரட்டியா, கயிறா, ஆளா?

போன பொங்கல் லீவில் அக்கா மகனின் ட்ரோன் ஊர் வீட்டு வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 30 அடி இருக்கும். அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லா வழியையும் ஒரு கை பார்த்துவிட்டோம்.

எல்லோருக்கும் முதலில் கை போவது கல்லுக்கும் செருப்புக்கும்தான். இறகுப்பந்து என்றால் சரி, அடிபட்டாலும் நஷ்டமில்லை. ட்ரோனுக்கு வேண்டவே வேண்டாம். இறக்கை உடைவது சின்ன விஷயம். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். எறிகிறவர் அண்ணாந்து பார்த்தபடி நிற்பதால், திரும்பி வரும் கல் நேரே முகத்துக்குத்தான் வரும். "செருப்பை விடுங்க மாமா" என்று பையன் ஏற்றிவிட்டதில் என் வலது செருப்பு மேலே போனது. அதை இறக்கப் போன இடதும் பக்கத்துக் கிளையில் தங்கிவிட்டது.

அடுத்தது தொரட்டி. முருங்கைக்காய் பறிக்க, ஆட்டுக்குத் தழை ஒடிக்க வீட்டில் இருப்பதுதான். 15 அடிக்குள் பொருள் இருந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கொக்கியைக் கிளையில் மாட்டி உலுக்கினால் போதும். ஆனால் இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி நீளமாக்கினோம் பாருங்கள், அங்கேதான் தப்பு. கட்டு தளர்ந்து நுனி ஆடியது. பாரம் முழுக்க மேலே இருப்பதால், சாய ஆரம்பித்த கம்பை இரண்டு பேர் பிடித்தும் நிறுத்த முடியவில்லை. அரிவாள் கட்டிய தொரட்டியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கத் தோன்றுகிறது.

பக்கத்தில் கரண்ட் கம்பி போகிறதா என்பதை இதற்கெல்லாம் முன்னால் பார்த்திருக்க வேண்டும். மூங்கிலில் ஷாக் அடிக்காது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. பச்சை மூங்கிலிலும் நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும். மாங்காய் பறிக்க விற்கும் அலுமினியக் கம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 11,000 வோல்ட் கம்பியென்றால் தொடக்கூட வேண்டியதில்லை, மிக அருகில் போனாலே தாவும். மரத்தை உரசிக்கொண்டு கம்பி போனால் எந்த வழியும் வேண்டாம். மின்வாரியத்துக்குப் போன் போட்டு, அவர்கள் லைனை நிறுத்தும் வரை காத்திருங்கள்.

ஏணியை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். சுவரில் சாய்க்கிற ஏணியை 12 அடி உயரத்துக்கு 3 அடி தள்ளி ஊன்றி நிறுத்தலாம். கிளையோ நாம் ஏறும்போது தாழும், உலுக்கும்போது எழும்பும். ஏணித் தலை நழுவ அது போதும்.

எங்களுக்குக் கைகொடுத்தது கயிறுதான். கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மணலைப் பாதிக்கு மேல் நிரப்பி, கழுத்தில் வழவழப்பான மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டினோம். மீதிக் கயிற்றைச் சிக்கில்லாமல் வாளிக்குள் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் செடியில் மாட்டி இழுக்கும். பாட்டிலைக் காலுக்கிடையில் ஊஞ்சல் மாதிரி இரண்டு தடவை ஆட்டி, மூன்றாவதில் விட வேண்டும். எடை ரொம்பக் குறைந்தால் கிளையைத் தாண்டியும் கீழே இறங்காமல் தொங்கும். ஏழெட்டுத் தடவை தவறிய பிறகு, ட்ரோன் இருந்த கொப்பைத் தாண்டி விழுந்தது. இரண்டு முனையையும் பிடித்து, வெட்டி இழுக்காமல் மெதுவாக ஆட்டினோம். நாலு பேர் பெட்ஷீட்டை விரித்துப் பிடித்திருந்தார்கள். அதில்தான் விழுந்தது. பேட்டரியைக் கழற்றி, உப்பியிருக்கிறதா என்று பார்த்து, ராத்திரி முழுக்க வெளியே மணலில் வைத்தோம். கயிற்றை உருவும்போது முடிச்சில்லாத முனை மேலே போகட்டும். பாட்டில் கவையில் மாட்டினால் நேர் கீழே நின்று இழுக்காதீர்கள், கல்லை விட வேகமாக வரும்.

கயிறும் எட்டாத உயரமென்றால் மரம் ஏறுகிறவரைக் கூப்பிடுவதுதான் வழி. தென்னை ஏறும் கருவி இதற்கு உதவாது, அது கிளையில்லாத மரத்துக்கானது. கிளை கழிக்கிற ஆள் வேண்டும். கூலி கொடுக்க வேண்டும்தான், ஆனால் எந்தக் கிளை தாங்கும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஏறுகிறவர், "புளி, வேம்புன்னா வர்றேன் தம்பி. முருங்கைன்னா கூப்பிடாதீங்க, சொல்லாம ஒடியும்" என்பார். மாமரமென்றால் முதலில் முசுறுக் கூடு இருக்கிறதா என்று பார்ப்பார். பாதி மரத்தில் எறும்பு கடித்தால் கை தானாக விட்டுவிடுமாம்.

பட்டம் மாதிரி லேசான பொருளைக் காற்றே இறக்கிவிடலாம், அதற்காக யாரும் ஏற வேண்டாம். என் இடது செருப்பு ஆடிக் காற்றில் தானாக விழுந்தது. வலது இன்னும் மேலேதான் இருக்கிறது.