பச்சையைக் காட்டும் மிதவையை நம்பாதீர்கள்: டியூபுலர் பேட்டரி, ஆறு வருடத்துக்குப் பிறகு

"மறுபடியும் டியூபுலரே வாங்கலாமா, லித்தியத்துக்குப் போய்விடலாமா?" என்று வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பற்றி நண்பர் ஒருவர் கேட்டார். போன மாதம்தான் இங்கே பழைய பேட்டரி இறங்கிப் புதுசு ஏறியது என்பதால் பதில் நீண்டுவிட்டது. செட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) உயர டியூபுலர், சைன் வேவ் இன்வெர்ட்டர், நான்கு ஃபேன், ஐந்து எல்இடி பல்ப், ஒரு ரவுட்டர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நியாயம். ஆறு வருடம் உழைத்திருக்கிறது. டியூபுலரில் பாசிட்டிவ் தகடு தட்டையான சட்டம் கிடையாது. ஈயக் கம்பிகளைச் சுற்றி துணிக்குழாய் மாட்டி, அதற்குள் சார்ஜைத் தேக்கும் மருந்தை அடைத்திருப்பார்கள். ஆழமாக இறங்கி ஏறினாலும் மருந்து உதிர்ந்து அடியில் கொட்டாது. 2012-ல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பாதி நாளுக்கு மேல் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தைத் தாக்குப்பிடித்தது இந்த வகைதான். செத்த பிறகும் உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு. புதுசு வாங்கும்போது பழசைக் கொடுத்தால் கடைக்காரர் கழித்துக்கொள்வார். காசுக்கு இவ்வளவு உழைக்கிற சாமான் வீட்டில் வேறு எதுவும் இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் அந்த மிதவை! பேட்டரியின் தலையில் வரிசையாக ஆறு மூடி, ஒரு செல்லுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் தண்ணி மட்டத்தைக் காட்டும் ஒரு மிதவைக் குச்சி. சிவப்புக்கு இறங்கினால் தண்ணி ஊற்று, பச்சைக்கு வந்தால் நிறுத்து. முழுப் பேட்டரியின் ஆயுளும் இந்தக் குச்சியை நம்பித்தான் இருக்கிறது. இருப்பதிலேயே மட்டமாகச் செய்யப்பட்ட பாகமும் இதுதான்.

இது இரண்டு விதமாகப் பொய் சொல்லும். முதல் பொய், தண்ணி இல்லாதபோது பச்சை. சார்ஜ் ஏறும்போது எழும் ஆசிட் ஆவி, குச்சி ஏறி இறங்கும் குழாயில் படிந்து காய்ந்து உப்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதில் தூசியும் சேர்ந்தால் குச்சி மேலேயே சிக்கி நின்றுவிடும். உள்ளே தண்ணி இறங்க இறங்க, வெளியே பச்சை. இரண்டாவது பொய், தண்ணி இருக்கும்போதே சிவப்பு. மிதவையில் மயிரிழை விரிசல் விட்டு உள்ளே தண்ணி புகுந்தால் அது கனத்து மூழ்கிவிடும். பார்க்கிறவர் ஐயோ காய்ந்துவிட்டதே என்று ஊற்றிக்கொண்டே இருப்பார். அடுத்த முறை சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழிந்து, டெர்மினல், டிராலி, தரை எல்லாம் நாசம். வழிந்து போன ஆசிட்டுக்குப் பதில் பிறகு வெறும் தண்ணிதான் சேரும் என்பதால் அந்த செல் நிரந்தரமாக நீர்த்துப்போகும்.

சோதிப்பது சுலபம். குச்சியை விரல் நுனியால் மெதுவாக அழுத்தி விடுங்கள். நல்ல மிதவை அமிழ்ந்து, உடனே துள்ளி மேலே வரும். அழுத்தினால் அசையாமல் நின்றாலோ, இறங்கியது அங்கேயே கிடந்தாலோ மூடியைத் திருகிக் கழற்றுங்கள். மிதவை மூடியோடு சேர்ந்தே வெளியே வரும். டிஸ்டில்டு வாட்டரில் அலசிவிட்டுக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தண்ணி சளசளத்தால் அந்த மிதவை போய்விட்டது. பேட்டரிக் கடையில் மிதவை தனியாகக் கிடைக்கும், பெரிய விலை இல்லை.

மூடி திறந்திருக்கும்போதே உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகளின் தலைக்கு மேல் தண்ணி பளபளவென்று நிற்க வேண்டும். தகட்டின் தலை சாம்பல் நிறத்தில் மங்கலாக, ஈரமே இல்லாமல் தெரிந்தால் அந்த செல் காய ஆரம்பித்தாகிவிட்டது. இன்னும் துல்லியமாகப் பார்க்க, சன்னமான கண்ணாடி நிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தகட்டில் லேசாக முட்டும்வரை இறக்கி, மேல் வாயை விரலால் மூடித் தூக்குங்கள். குழாயில் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவுதான் தகட்டுக்கு மேல் இருக்கும் தண்ணி. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஊற்றியே ஆக வேண்டும். குழாயில் வந்ததை அதே செல்லில் விட்டுவிடுங்கள். அது ஆசிட், தரையில் சிந்தக் கூடாது. கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

தண்ணி ஏன் குறைகிறது என்று தெரிந்தால் எப்போது பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சார்ஜ் முடியும் தறுவாயில் 14.4 வோல்ட்டைத் தாண்டும்போது, வருகிற மின்சாரம் தகட்டில் ஏற இடமில்லாமல் தண்ணியை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. வெளியே போவது தண்ணி மட்டும்தான், ஆசிட் உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. "ஆசிட் ஏத்தித் தர்றேன் சார், பேக்கப் நல்லா வரும்" என்று யாராவது சொன்னால் மரியாதையாக அனுப்பிவிடுங்கள். சில நாள் சுறுசுறுப்பாகத் தெரியும், பிறகு கெட்டியான ஆசிட் தகட்டையே தின்றுவிடும்.

ஆர்ஓ தண்ணியும் கூடாது. குடிக்க நல்லதுதான், ஆனால் அதிலும் உப்பு மிச்சம் இருக்கிறது. குளோரைடு பாசிட்டிவ் தகட்டை அரிக்கும். இரும்புச் சத்து, பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜைக் குடிக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணியைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதுவும் ஆவி குளிர்ந்த தண்ணிதானே என்பது அவர்கள் வாதம். ஆனால் அது செம்பும் அலுமினியமும் உள்ள சுருளில் வழிந்து, அழுக்குத் தட்டில் தேங்கி, பாசி பிடித்த குழாய் வழியாக வருகிறது. சில ஆயிரங்கள் கொடுத்து வாங்கிய பேட்டரிக்கு 5 லிட்டர் கேன் வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணி நன்றாகக் குறைந்துபோன பேட்டரிக்கு ஆறு செல்லுக்கும் சேர்த்து 2, 3 லிட்டர் வரை பிடிக்கும். ஒரு கேன் இரண்டு தடவைக்கு வரும்.

எப்போது ஊற்றுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முழு சார்ஜ் ஏறிய பிறகு ஊற்ற வேண்டும். சார்ஜ் ஆகும்போது குமிழி கிளம்பி மட்டம் உயரும் என்பதால் முன்கூட்டியே நிரப்பினால் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிகிற அளவுக்குக் காய்ந்திருந்தால் மட்டும், தகடு மூழ்கும் வரை முதலில் ஊற்றி, சார்ஜ் போட்டு, பிறகு மிச்சத்தை நிரப்புங்கள். இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக் புனல்தான், உலோகம் கூடாது. வெளிச்சத்துக்கு டார்ச் மட்டும்தான்; தீக்குச்சி, லைட்டர் பக்கத்திலேயே வரக் கூடாது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். பூஜை அலமாரிக்குக் கீழே இன்வெர்ட்டரை வைத்து மேலே விளக்கேற்றுகிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து ஒன்றை இடம் மாற்றுங்கள்.

ஆறு செல்லும் ஒரே மாதிரி குறையாது. நடுவில் இருக்கும் இரண்டும் சூடு வெளியேற வழியில்லாமல் அதிகம் காயும். ஓரத்து மூடியை மட்டும் பார்த்துவிட்டு "தண்ணி இருக்கு" என்று எழுந்து போகிறவர்களின் பேட்டரி நடுவிலிருந்துதான் சாகிறது. இங்கே மாற்றிய பேட்டரியின் முடிவும் அதே: மூன்றாவது செல்லின் மிதவை பச்சையில் ஒட்டிக்கொண்டிருந்தது, அடியில் தகட்டின் மேல்பகுதி காய்ந்து வெளுத்திருந்தது. காற்றுப்பட்ட தகடு சல்பேட் ஆகி இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு தண்ணி ஊற்றினாலும் அந்த இடம் திரும்பாது. ஆறு செல் தொடராக இருப்பதால் ஒன்று படுத்தால் மொத்தமும் படுத்தது. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தால் இது முன்பே தெரியும். முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 1.240 சுற்றிக் காட்ட வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030-க்கு மேல் பின்தங்கினால் அங்கேதான் கோளாறு. தண்ணி ஊற்றிய உடனே பார்க்காதீர்கள், மேலே வெறும் தண்ணி மிதக்கும். மறுபடி முழுசாக ஒரு சார்ஜ் ஏறட்டும்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. இப்போது கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, இங்கே காலை 9 முதல் மதியம் 2 வரை; மற்றபடி மழைக் காலத்தில் சில மணி நேரம். மிச்ச நாளெல்லாம் பேட்டரி இறங்காமலே சார்ஜில் நின்று தண்ணியை மட்டும் இழக்கிறது. "யூஸே பண்ணலையே, எப்படித் தண்ணி குறையும்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். மாதம் ஒரு தடவை மெயினை அணைத்து ஒன்று, இரண்டு மணி நேரம் பேட்டரியில் ஓட்டி, பிறகு முழுசாக ஏற விடுங்கள். வெயில் காலத்தில் மாதம் ஒருமுறையும் மற்ற நாளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் மூடியைத் திறந்து பாருங்கள். மேற்கு வெயில் அடிக்கிற சுவரை ஒட்டி வைக்காதீர்கள். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

புது பேட்டரி மாட்டிவிட்டு ஆள் கிளம்பும் முன் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பேட்டரி வகைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அது எஸ்எம்எஃப் (தண்ணி ஊற்றத் தேவையில்லாத, மூடிய பேட்டரி) பக்கம் இருந்தால் டியூபுலருக்கு வேண்டிய வோல்ட் ஏறாது, மாதக் கணக்கில் அரைகுறை சார்ஜிலேயே கிடந்து சல்பேட் பிடிக்கும். கம்ப்யூட்டருக்கான யுபிஎஸ் மோடு என்று இன்னொன்றும் இருக்கும். அதில் வீட்டு வோல்ட் 180-க்குக் கீழே இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். சாயங்காலம் லோ வோல்டேஜ் வரும் தெருவில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லையென்றால் மற்ற மோடில் வையுங்கள். டெர்மினலில் பச்சைப் பொடி பூத்தால், முதலில் நெகட்டிவ் கழற்றி, ஆப்பசோடா கரைத்த தண்ணியில் துடைத்து (மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் செல் போச்சு), காயவிட்டு, இறுக்கி மாட்டிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

வாரண்டியில் 36+24 என்று போட்டிருந்தால் முதல் 36 மாதம்தான் இலவசம். அடுத்த 24 மாதம் விலையில் கழிவு மட்டும். அட்டையில் தேதியும் முத்திரையும் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

பேக்கப் போதவில்லை என்று 200 ஏஹெச்சுக்குத் தாவ நினைப்பவர்களுக்கு: ஃபேனை மாற்றுங்கள். சாதாரண ஃபேன் ஒன்று 75 வாட். நான்கு ஃபேன், பல்ப், ரவுட்டர் சேர்த்து 360 வாட் வரும். 150 ஏஹெச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கிற கணக்கு. இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் அது 110 சுற்றித்தான் தரும். புது பேட்டரியிலேயே மூன்று மணி நேரம் தாண்டாது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் மொத்தமே 180 வாட். அதே பேட்டரி ஆறு மணி நேரத்தைத் தொடும். பராமரிப்பு நாள் முழுக்க ஃபேன் நிற்காது.

இப்போது நண்பரின் கேள்வி. லித்தியம் என்று விற்பது பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட் வகை, 12.8 வோல்ட். 100 ஏஹெச் என்றாலும் கிட்டத்தட்ட முழுசையும் பயன்படுத்தலாம். டியூபுலர் 50 கிலோவுக்கு மேல். இதை ஒரு ஆள் ஒரு கையில் தூக்கலாம். சார்ஜ் சீக்கிரம் ஏறும். ஆனால் விலை அதிகம், பழசாகிக் கொடுக்கும்போது ஈயம் மாதிரி காசு வராது. பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டவும் முடியாது. டியூபுலருக்கான சார்ஜர் 14.6 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) தொடர்பை வெட்டிவிடும். ஃபிரிட்ஜ் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் இழுப்பிலும் வெட்டலாம். லித்தியம் செட்டிங் உள்ள இன்வெர்ட்டரும் சேர்த்து வாங்கினால்தான் நிம்மதி. கணக்குப் போட்டால் டியூபுலர்தான் ஜெயிக்கிறது. இங்கே ஏறியதும் டியூபுலர்தான்.

ஆனாலும் நண்பரிடம் லித்தியம் வாங்கச் சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் இருப்பது வயதான அப்பா அம்மா மட்டும். குனிந்து ஆறு மூடியைத் திருகி டார்ச் அடிக்க அங்கே ஆள் இல்லை. இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பச்சைக் குச்சிதான். செல்லை மூடி, தகட்டைக் குழாயாக்கி, இவ்வளவு யோசித்துச் செய்கிறவர்கள் ஒரு மிதவையை நேர்மையாகச் செய்யும்வரை, ஆள் இல்லாத வீட்டுக்கு டியூபுலரைச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஏற்கெனவே டியூபுலர் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் இரண்டை முதலில்.