சென்னை–மதுரை 420 கி.மீ. என்று கொட்டேஷன் வந்தால் உஷார்

சென்னையிலிருந்து மதுரைக்குக் கார் கேட்டால் '420 கிலோமீட்டர், ஆறு மணி நேரம்' என்று வாட்ஸப்பில் கொட்டேஷன் அனுப்புகிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். அந்த 420 பொய்யில்லை. மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தால் வருகிற நேர்கோட்டுத் தூரம் அது. கார் ஓடுவதோ திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி, மேலூர் வழியாகச் சுமார் 460. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் ஒரு வழிக்கே 560 ரூபாய் கூடிவிடும். கேட்டால் 'தோராயம்னு போட்டிருக்கோமே சார்' என்று கீழே உள்ள பொடி எழுத்தைக் காட்டுவார்கள்.

இதோடு விட்டால் பரவாயில்லை. 'ஷெட் டு ஷெட்' என்று ஒன்று உண்டு. நீங்கள் ஏறுவது தாம்பரம், வண்டி நிற்பது ரெட்ஹில்ஸ் என்றால், அது உங்களிடம் வருகிற தூரமும் விட்டுவிட்டுத் திரும்புகிற தூரமும் உங்கள் கணக்கு. தாம்பரத்தில் ஏறுகிறவருக்கு மதுரை எப்படியும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் குறைவு. பில்லில் அது தெரியவே தெரியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அடி நாள் கணக்கில்தான். ரவுண்ட் ட்ரிப்புக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்பார்கள். அந்த 'நாள்' 24 மணி நேரம் இல்லை, காலண்டர் தேதி. வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பி திங்கள் விடியற்காலை 2 மணிக்கு வீடு வந்தால் மொத்தம் 52 மணி நேரம். பில்லில் நான்கு நாள்! 920 கிலோமீட்டர் ஓடினாலும் 1000-க்குக் காசு, மேலே நான்கு நாளுக்கு டிரைவர் பேட்டா. வெள்ளி இரவு 12 தாண்டிக் கிளம்பி, ஞாயிறு இரவு 12-க்குள் வந்தால் இரண்டே நாள். 250 குறைந்தபட்சத்தை ஓட்டமே தாண்டிவிடும், பேட்டாவும் பாதி. இதை எந்த ஏஜென்ட்டும் வாய் திறந்து சொல்வதில்லை.

டோலுக்கு மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி: எட்டுக்கும் ஃபாஸ்டேக் மெசேஜைக் காட்டச் சொல்லிக் கூட்டிக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான், இரண்டு மடங்கு இல்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு 'பெர்மிட்' என்று ஒரு வரி இருந்தால் அது சுத்த ஏமாற்று.

நேரத்திலும் இதே வித்தைதான். 420-ஐ விமானத்தின் வேகத்தால் வகுத்து 'அரை மணி நேரம்' என்று காட்டுகிற தளங்களை நம்பி டிக்கெட் போடாதீர்கள். விமானம் கிளம்பி இறங்க ஒன்றே கால் மணி நேரமாவது பிடிக்கும். செக்-இன் கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். மதுரையிலும் ஏர்போர்ட் ஊருக்கு வெளியே. வீட்டிலிருந்து வீட்டுக்கு ஐந்து மணி நேரம் வையுங்கள். காரில் எட்டு, விடுமுறை முடிகிற நாளில் ஒன்பது, பத்து.

மதுரையிலிருந்து 'ஆறு மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் விடுகிறோம்' என்பதை நம்பி வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு வருகிறவர்கள்தான் பாவம். ஞாயிறு சாயங்காலம் செங்கல்பட்டு தாண்டி பெருங்களத்தூர் வருவதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விடலாம். ஃப்ளைட் போனால் கார்க்காரர் பொறுப்பில்லை என்பதும் அதே பொடி எழுத்தில்தான் இருக்கும்.